லியூசினும் அம்மாவின் கால் தசையும்

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவுக்கு எலும்பு நன்றாகவே கூடியது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவருக்கு முழுத் திருப்தி. ஆனால் நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்க அம்மாவால் முடியவில்லை. வலி இல்லை என்றார், பயமும் இல்லை என்றார், கால்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தொடையைத் தொட்டால் தோல் தொளதொளவென்று இருந்தது. படுத்திருந்த நாட்களில் தசை கரைந்துவிட்டது.

வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் மாத்திரைகள் எல்லாம் வேளை வாரியாக எழுதப்பட்டிருந்தன. உணவு என்ற இடத்தில் ‘சத்தான ஆகாரம்’ என்று இரண்டே சொல். எது, எவ்வளவு, எப்போது என்று ஒன்றும் கிடையாது. அதற்கு விளக்கம் தேடிப் போன இடத்தில்தான் லியூசின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதம் எதனால் ஆனதோ அந்தச் சிறு துண்டுகளில் ஒன்று, அறிமுகமானது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கற்றதையும், உணவு ஆலோசகரும் இயன்முறை சிகிச்சையாளரும் சொல்லிக்கொடுத்ததையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

படுத்தே கிடந்தால் தசை குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு வேகமாகக் குறையும் என்பது தெரியாது. 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்கள் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு நோயும் இல்லை, காயமும் இல்லை. நாளுக்கு இவ்வளவு போதும் என்று சொல்லப்படும் புரதத்தையும் கொடுத்தார்கள். அப்படியும் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பில்லாத திசு போய்விட்டது. அம்மாவுக்கோ முறிவு, அறுவை சிகிச்சை, பசியின்மை என்று மூன்றும் சேர்ந்து வந்திருந்தன. வயதால் வரும் தசை இழப்புக்கு சார்கோபீனியா என்று ஒரு பெயர் கிடைத்ததே 1989-இல்தான். அதைத் தனி நோயாக வகைப்படுத்தி ஒரு குறியீடு கொடுத்தது 2016-இல். அந்தக் காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று பின்னால் தோன்றியது. கோபம் மட்டும் முழுசாகப் போகவில்லை.

உணவு ஆலோசகரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “காலையில் என்ன சாப்பிடுகிறார்?” என்பதுதான். இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் பால் விட்ட ஒரு பானம் என்றேன். அவர் எழுதிக்கொண்டே, “அதில் புரதம் 7 கிராம் தேறினால் பெரிது. மத்தியானம் நன்றாகச் சாப்பிடுவார், ராத்திரி பசியில்லை என்று கொறிப்பார், சரியா?” என்றார். பக்கத்தில் நின்று பார்த்தவர்போல் சொல்லிவிட்டார். பெரும்பாலான முதியவர்கள் இப்படித்தான் சாப்பிடுகிறார்களாம். நாள் முழுக்கக் கூட்டினால் அளவு ஓரளவு வந்துவிடும். ஆனால் தசை ஒவ்வொரு வேளையையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது, அதிலும் அது பார்ப்பது லியூசினை என்றார். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

லியூசின் புதுச் சரக்கு இல்லை. 1819-இல் ப்ரூஸ்ட் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாலாடைக்கட்டியில் இதைக் கண்டார். அடுத்த ஆண்டே பிராகோனோ என்பவர் இறைச்சியையும் கம்பளியையும் கந்தக அமிலத்தோடு சேர்த்துக் காய்ச்சி வெள்ளைப் படிகமாக எடுத்தார். நம் உடலால் செய்துகொள்ள முடியாத, உணவிலிருந்தே வந்தாக வேண்டிய 9 ‘அத்தியாவசிய’ அமினோ அமிலங்களில் இதுவும் ஒன்று. ஐசோலியூசின், வாலின் இரண்டும் இதன் பங்காளிகள். மூன்றின் அமைப்பிலும் பக்கவாட்டில் ஒரு கிளை பிரிவதால் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் என்கிறார்கள். உடற்பயிற்சிக்கூடங்களில் பிசிஏஏ என்று டப்பாவில் வருவது இந்த மூன்றும்தான்.

மற்ற அமினோ அமிலங்கள் பலவும் குடலிலிருந்து கிளம்பினால் முதலில் கல்லீரலில் மாட்டிக்கொள்ளும். கல்லீரல் தனக்கு வேண்டியதை எடுத்துச் சிதைத்துக்கொண்ட பிறகுதான் மீதி வெளியே வரும். கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களைச் சிதைக்கும் முதல் நொதி கல்லீரலில் மிகக் குறைவு. அதனால் இவை பெரும்பாலும் அங்கே சிக்காமல் ரத்தத்தில் கலந்து நேராகத் தசைக்குப் போகின்றன. சாப்பாடு வந்திருக்கிறது என்ற சேதி தசைக்கு முதலில் போய்ச் சேருவது இந்த வழியில்.

அங்கே நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செல்லுக்குள் எம்டார் என்று ஒரு புரதத் தொகுதி இருக்கிறது. புதுப் புரதம் கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. லியூசின் குறைவாக இருக்கும்போது செஸ்ட்ரின்2 என்ற இன்னொரு புரதம் அதை அடக்கி வைத்திருக்கும். லியூசின் வந்து செஸ்ட்ரின்2-வில் உட்கார்ந்தால் அதன் பிடி விட்டுப்போகும், எம்டார் வேலையைத் தொடங்கும். லியூசினை உணரும் கருவி செஸ்ட்ரின்2 என்பதை 2016-இல்தான் உறுதி செய்தார்கள். தசை கட்ட உதவும் ஒரு சரக்காக மட்டும் இருந்திருந்தால் லியூசினுக்கு இவ்வளவு பேர் வந்திருக்காது. கட்டச் சொல்லும் ஆணையும் அதுவே என்பதால்தான் இத்தனை கவனம்.

ஆனால் ஆணை மட்டும் போதுமா? மேஸ்திரி வந்து ‘ஆரம்பிங்கப்பா’ என்று குரல் கொடுத்தாலும் செங்கல் வந்து இறங்கவில்லை என்றால் சுவர் எழும்பாது. லியூசின் மேஸ்திரி, மீதி 8 அத்தியாவசிய அமினோ அமிலங்கள் செங்கல். லியூசின் மட்டும் உள்ளே போனால், மற்றவை தீரும்வரைதான் வேலை நடக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் விளம்பரங்களில் பாதியை ஒதுக்கிவிடலாம்.

வயதாக ஆக இன்னொரு சிக்கல். இளம் தசை சின்ன அளவு லியூசினுக்கே சட்டென்று வேலையைத் தொடங்கிவிடும். முதிய தசை மந்தமாகத்தான் பதில் தரும். 2006-இல் வெளியான ஆய்வு ஒன்றில் முதியவர்களுக்கு 6.7 கிராம் அத்தியாவசிய அமினோ அமிலக் கலவை கொடுத்தார்கள். அதில் லியூசின் 1.7 கிராம் இருந்தபோது தசைப் புரத உற்பத்தி சொல்லும்படி ஏறவில்லை. மொத்தத்தை மாற்றாமல் லியூசினை மட்டும் 2.8 கிராமாகக் கூட்டியதும் ஏறியது. முதியவர்களுக்கு ஒரு வேளையில் சுமார் 2.5 முதல் 3 கிராம் லியூசின் வேண்டும், அது வர 25 முதல் 30 கிராம் நல்ல புரதம் வேண்டும் என்ற கணக்கு இதைப் போன்ற ஆய்வுகளிலிருந்து வந்ததுதான்.

இங்கே நான் கொஞ்சம் குழம்பினேன். உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளின் 2007 அறிக்கை, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 39 மில்லிகிராம் லியூசின் தேவை என்கிறது. அம்மாவின் எடை 52 கிலோ. கணக்குப் போட்டால் நாள் முழுமைக்கும் 2 கிராம்தான். பிறகு ஏன் ஒரே வேளைக்கு 2.5 கிராம் என்கிறார்கள்? ஆலோசகரிடம் கேட்டபோது தெளிவாகச் சொன்னார். முதலாவது, உடல் பற்றாக்குறையில் விழாமல் இருப்பதற்கான குறைந்தபட்ச அளவு. இரண்டாவது, இழந்த தசையைத் திரும்பக் கட்ட நினைப்பவர்களுக்கு ஆய்வுகளில் பலன் தெரிந்த அளவு. இரண்டு கேள்விகளும் வேறு, அதனால் விடைகளும் வேறு.

மொத்தப் புரதத்தையும் அவர் கூட்டினார். ஆரோக்கியமான முதியவர்களுக்கே ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம், நோயிலிருந்து தேறுகிறவர்களுக்கு 1.2 முதல் 1.5 கிராம் என்று 2013-இல் வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்திருக்கிறது. பெரியவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் 0.8 கிராமைவிட இது நன்றாகவே அதிகம். சிறுநீரகச் சோதனை முடிவைப் பார்த்த பிறகுதான் அம்மாவுக்கு இந்த அளவை எழுதினார். அந்த வரிசை முக்கியம். முதலில் சோதனை, பிறகுதான் புரதம்.

சரி, தட்டுக்கு வருவோம். நான் மாற்றியது பெரும்பாலும் காலை உணவைத்தான். ஒரு முட்டையில் புரதம் 6 கிராம், லியூசின் அரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். 250 மில்லி பாலில் புரதம் 8 கிராம், லியூசின் 0.8 கிராம் அளவில். அந்தப் பாலிலேயே இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்தால் இன்னும் 5 கிராம் புரதமும் அரை கிராம் லியூசினும் சேரும். டம்ளரின் அளவு மாறாது, குடிப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது. இரண்டு முட்டை, இந்தப் பால், அம்மா விடமாட்டேன் என்ற அதே ரொட்டி எல்லாம் சேர்ந்து புரதம் 30 கிராமைத் தொட்டது, லியூசின் 2.8 கிராம் அளவுக்கு வந்தது. பால் பவுடர் யோசனை ஆலோசகருடையது. இவ்வளவு எளிதான, இவ்வளவு பயனுள்ள வேறொரு யோசனை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஒரே மூச்சில் இவ்வளவும் சாப்பிட அம்மாவால் முடியவில்லை. முதலில் முட்டையும் ரொட்டியும், கொஞ்ச நேரம் கழித்துப் பால் என்று பிரித்தோம். இரண்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விடவேண்டாம் என்பது மட்டும்தான் நிபந்தனை. பாதி காலை 8 மணிக்கும் மீதி 11 மணிக்கும் என்று போனால் இரண்டுமே அந்த அளவைத் தொடாமல் நின்றுவிடும்.

மதியத்துக்கு வேகவைத்த பருப்பு ஒரு கப், கூடவே தயிர். ஒரு கப் பருப்பில் புரதம் 18 கிராம், லியூசின் 1.3 கிராம் அளவில். தயிரும் தானியமும் சேர்ந்தால் வேளைக்கான கணக்கு ஏறக்குறைய நிறைவேறிவிடும். தாவரப் புரதத்தில் பொதுவாக லியூசின் கொஞ்சம் குறைவு, செரிமானமும் கொஞ்சம் குறைவு. அதனால் சைவம் சாப்பிடுகிறவர்களால் முடியாது என்றில்லை, அளவைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பால் பொருட்களையோ சோயாவையோ துணைக்கு வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மக்காச்சோளப் புரதத்தில் லியூசின் 12 சதவீதம் அளவுக்கு இருக்கிறது என்று படித்துவிட்டு ஒரு நாள் குஷியாகிவிட்டேன். அதில் லைசின், டிரிப்டோஃபேன் என்ற வேறு இரண்டு அத்தியாவசிய அமினோ அமிலங்கள் மிகக் குறைவு என்று அடுத்த பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். மேஸ்திரிகள் கூட்டமாக வந்து நிற்க, செங்கல் வராத கதைதான்.

இரவுதான் கடைசிவரை இழுபறி. மெல்லுவதே அலுப்பு என்பார். அந்த வேளைக்கு வே புரதம் கைகொடுத்தது. பால் திரிந்து பிரியும் தெளிந்த நீரிலிருந்து எடுக்கும் புரதம் இது. நம் கைக்குக் கிடைக்கும் உணவுப் புரதங்களில் லியூசின் அதிகம் உள்ளவற்றில் ஒன்று, நூற்றுக்குப் பத்து, பதினொன்று என்ற அளவில் இருக்கும். சீக்கிரம் செரித்து ரத்தத்தில் லியூசினைச் சட்டென்று ஏற்றும். 20 கிராம் புரதம் தரும் ஓர் அளவை எடுத்தால் 2 கிராமுக்குக் குறையாமல் லியூசின் கிடைத்துவிடும். தொடக்கத்தில் வயிறு உப்புசம் இருந்தது. பால் சர்க்கரை குறைவாக உள்ள ஐசோலேட் வகைக்கு மாறியதும் சரியானது. கூடவே இரண்டு விஷயங்களையும் கவனித்துக்கொண்டேன். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். மொத்தச் சாப்பாடு குறைந்தால், கொடுத்த புரதத்தை உடல் எரிபொருளாக எரித்துவிடும், தசைக்குப் போகாது. எண்ணெயையும் மாவுச்சத்தையும் பகையாக நினைத்து வெட்டிவிட்டுப் புரதத்தை மட்டும் ஏற்றுவது இந்த வயதில் வீண் வேலை.

இதற்கு நடுவில் உறவினர் ஒருவர் சுத்தமான லியூசின் பவுடர் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்பாகக் கொடுத்ததை எப்படி மறுப்பது? ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டேன். கரையவே மாட்டேன் என்று மேலேயே மிதந்தது. 100 மில்லி தண்ணீரில் சுமார் 2.4 கிராம்தான் கரையும், அதுவும் நன்றாகக் கலக்கினால். சுவையோ சுத்தக் கசப்பு. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, “இதுக்கு அந்த மாத்திரையே தேவல. நீயே குடி” என்று டம்ளரை என் பக்கம் தள்ளினார். தயிரில் கலந்தால் கசப்பு ஓரளவு மறையும். தினமும் செய்யும் வேலையாக அது தோன்றவில்லை.

கசப்பைப் பொறுத்துக்கொண்டு குடித்தால் பலன் உண்டா என்று தேடினேன். 2009-இல் நெதர்லாந்தில் ஆரோக்கியமான முதியவர்களுக்கு மூன்று வேளையும் 2.5 கிராம் லியூசின் வீதம் 3 மாதம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். தசையின் அளவும் கூடவில்லை, பலமும் கூடவில்லை. 2011-இல் சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கு இதே அளவை 6 மாதம் கொடுத்தார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. ஒழுங்காகப் புரதம் சாப்பிடுகிறவருக்கு, பயிற்சி எதுவும் இல்லாமல், லியூசினை மட்டும் தனியாகச் சேர்ப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட பொருள். இதற்கு மாறாக, 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் தசை குறைந்திருந்த முதியவர்களுக்கு லியூசின் கூட்டிய வே புரதத்தை வைட்டமின் டி-யோடு சேர்த்து 13 வாரம் கொடுத்தார்கள். நாற்காலியிலிருந்து எழும் வேகமும் கை, கால் தசையின் அளவும் கூடின. கைப்பிடி பலம் மட்டும் கூடவில்லை. ஒன்றில் மேஸ்திரி தனியாக வந்தார், மற்றதில் செங்கலோடு வந்தார். டப்பா அலமாரிக்குப் போனது. சாப்பாடே இறங்காமல் இரண்டு வாய் மட்டும் சாப்பிடுகிற முதியவருக்கு, அந்த இரண்டு வாயில் கொஞ்சம் லியூசின் கலந்து தர ஆலோசகர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. எங்கள் நிலைமை அது இல்லை.

லியூசின் எவ்வளவு உள்ளே போனாலும் தசைக்கு வேலை கொடுக்காவிட்டால் பாதிப் பலன்தான். சுமை தாங்கிய தசை அதன்பிறகு ஒரு நாளுக்கு மேலாகவே அமினோ அமிலத்துக்கு நன்றாகப் பதில் சொல்கிறது. வயதான தசையின் மந்தத்தைப் போக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. இயன்முறை சிகிச்சையாளர் கொடுத்தது ஒரே ஒரு பயிற்சிதான். நாற்காலியில் உட்கார், எழு. முதலில் இரண்டு மெத்தைகளைப் போட்டு உயரத்தைக் கூட்டினார். உயரம் கூடினால் தொடைக்குச் சுமை குறைவு. கை ஊன்றாமல் எழ வந்ததும் ஒரு மெத்தையை எடுத்தார். பிறகு இன்னொன்றையும். “எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்யுங்கள், பொத்தென்று விழாதீர்கள்” என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. மெதுவாக இறங்கும்போதுதான் தொடை நன்றாக வேலை செய்கிறதாம். நாற்காலி சுவரை ஒட்டி இருக்க வேண்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். பயிற்சி முடிந்து கொஞ்ச நேரத்துக்குள் சாப்பாடு வரும்படி வேளையை அமைத்துக்கொண்டோம். நிமிடக் கணக்கெல்லாம் பார்க்கவில்லை.

முன்னேற்றத்தை எடை பார்க்கும் கருவியில் தேடாதீர்கள். எடை ஏறினால் அது கொழுப்பா, நீரா, தசையா என்று அது சொல்லாது. ஆசிய நாடுகளுக்கான சார்கோபீனியா வல்லுநர் குழு 2019-இல் கொடுத்த அளவுகள் வீட்டிலேயே பார்க்கக்கூடியவை. கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் நாடா வைத்து அளந்தால் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் சந்தேகப்படலாம். காலில் வீக்கம் இருந்தால் இந்த அளவு ஏமாற்றும். மற்றது, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்காருவது. 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கால் பலம் போதாது என்று பொருள். அம்மா முதலில் ஒரு முறைகூட எழ முடியாமல் இருந்தவர். இப்போது 5 முறையும் எழுந்து உட்காருகிறார். 12 விநாடிக்குள் இன்னும் வரவில்லை. வந்தே தீரவேண்டும் என்று நான் விரட்டுவதும் இல்லை. இதற்கெல்லாம் காரணம் தன்னுடைய மன உறுதிதான் என்பது அவருடைய கட்சி. பால் பவுடருக்கும் ஒரு பங்கு உண்டு என்று சொன்னால் ஏற்கமாட்டார்.

டப்பா வாங்குகிறவர்கள் முன்பக்கத்துப் பெரிய எழுத்தைப் படிக்காமல் பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். புரதத்தின் அளவைப் பொதுவாக நைட்ரஜனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அதனால் கிளைசின், டாரின் போன்ற, நைட்ரஜன் உள்ள விலை குறைந்த பொருட்களைக் கலந்து புரத அளவை அதிகமாகக் காட்டும் தந்திரம் இந்தத் தொழிலில் உண்டு. வே புரதம் என்று சொல்லிக்கொள்ளும் பொருளில் 20 கிராம் புரதத்துக்கு 2 கிராம் லியூசின் இல்லையென்றால் ஏதோ இடிக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கொலாஜன் பவுடரில் மோசடி எதுவும் இல்லை, அதன் இயல்பே அப்படி: லியூசின் நூற்றுக்கு மூன்று அளவில்தான், டிரிப்டோஃபேன் கிடையவே கிடையாது. தோலுக்கோ மூட்டுக்கோ என்று யாராவது வாங்கினால் அது அவர்கள் விருப்பம். தசைக்கு என்று வாங்கினால் பலன் இருக்காது. பிசிஏஏ டப்பாவில் 2:1:1 என்று போட்டிருந்தால் லியூசின் இரண்டு பங்கு, மற்ற இரண்டும் ஒவ்வொரு பங்கு. 5 கிராமில் லியூசின் 2.5 கிராம் வரும், மீதி 6 அத்தியாவசிய அமினோ அமிலங்களும் சுழிதான். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் என்று விற்கும் மால்ட் பானங்கள் பலவற்றில் புரதத்தைவிடச் சர்க்கரைதான் அதிகம்.

லியூசின் சர்க்கரை நோயைக் குணமாக்கும், எடையைக் குறைக்கும், மூளையைக் கூர்மையாக்கும் என்றெல்லாம் பட்டியல்கள் வருகின்றன. அது இன்சுலின் சுரப்பைத் தூண்டும் என்பது உண்மை. ஆனால் மேலே சொன்ன 6 மாத ஆய்வில் சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்படவில்லை. இன்னும் சொன்னால், ரத்தத்தில் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள் கூடுதலாக இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2011-இல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஆய்வுத் தரவுகள் காட்டின. சாப்பிட்ட லியூசினால் நோய் வந்தது என்று அதற்குப் பொருள் இல்லை, நோய் வரும் உடலில் இவை தேங்குகின்றன என்றும் படிக்கலாம். எப்படியானாலும் இதைச் சர்க்கரைக்கு மருந்து என்று சொல்வதற்கு ஆதாரம் போதாது. தசை தவிர வேறு எதற்காகவும் லியூசினைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை.

அளவு மீறினால்? இளைஞர்களிடம் 2012-இல் நடத்திய ஆய்வில் ஒரு கிலோ எடைக்கு 500 மில்லிகிராம், அதாவது 70 கிலோ ஆளுக்கு நாளுக்கு 35 கிராம் தாண்டியபோது ரத்தத்தில் அம்மோனியா ஏறியது. உணவில் அந்த அளவுக்குப் போவது கடினம். பவுடரை இஷ்டத்துக்கு அள்ளிப் போடுகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். லியூசினை மட்டும் தொடர்ந்து கூட்டினால் ரத்தத்தில் ஐசோலியூசினும் வாலினும் இறங்கும் என்பதும் தெரிந்த விஷயம்.

சிலருக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எதுவுமே பொருந்தாது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு, டயாலிசிஸ் தொடங்கும்வரை புரதத்தைக் குறைக்கத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கூட்டச் சொல்வார்கள். இரண்டையும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கல்லீரல் சுருக்க நோயில் கிளைச்சங்கிலி அமினோ அமிலங்களை மருந்தாகவே கொடுப்பது உண்டு, அதுவும் மருத்துவர் எழுதினால்தான். பிறவியிலேயே லியூசினைச் சிதைக்க முடியாத ஓர் அரிய மரபணு நோய் இருக்கிறது, மேப்பிள் சிரப் சிறுநீர் நோய் என்று பெயர், 1954-இல் முதலில் விவரித்தார்கள். அந்தக் குழந்தைகளுக்கு லியூசின் தேங்கினால் மூளை பாதிக்கப்படும். கிராம் கணக்கில் அளந்துதான் உணவு கொடுக்க முடியும்.

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் நேரத்தைப் பார்க்க வேண்டும். குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக லெவோடோபாவும் லியூசின் போன்ற அமினோ அமிலங்களும் ஒரே வாசலைத்தான் பயன்படுத்துகின்றன. புரதம் நிறைந்த சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால் மருந்து பின்னுக்குத் தள்ளப்படும், சிலருக்கு அன்று உடல் இறுக்கம் கூடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரமாவது முன்னால் மாத்திரை என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் காலையில் முட்டையும் பால் பவுடரும் புதிதாகச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றாமல் நரம்பியல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.